பழைய ராணுவ ரைஃபிளும் ஈயக் குண்டும்: நீண்ட காலப் பயன்பாட்டில் தெரிந்தவை

பழைய ராணுவ ரைஃபிளுக்கு வீட்டிலேயே ஈயக் குண்டு வார்க்க நினைப்பவர்கள் முதலில் கேட்பது, எந்த உலோகக் கலவை, அது எவ்வளவு கடினமாக இருக்க வேண்டும் என்பதைத்தான். என் அனுபவத்தில் அது இரண்டாவது கேள்வி. உங்கள் கையில் இருக்கும் அந்த ஒரு துப்பாக்கியின் குழல் உண்மையில் எவ்வளவு அகலம் என்பதே முதல் கேள்வி. அதற்கு விடை தெரிந்துவிட்டால் சாதாரணக் கலவையே நன்றாகச் சுடும். தெரியாவிட்டால் எவ்வளவு விலை உயர்ந்த கலவையை வாங்கினாலும் குழல் முழுக்க ஈயம் அப்பிக்கொள்ளும்.

நான் அமெரிக்காவில் வசிக்கிறேன். இங்கே பழைய ராணுவ ரைஃபிள் வைத்திருப்பதும், சொந்த உபயோகத்துக்குத் தோட்டா நிரப்புவதும் (பித்தளைக் கூட்டில் வெடிமருந்தும் குண்டும் சேர்ப்பது) சட்டப்படி அனுமதிக்கப்பட்ட பொழுதுபோக்குகள். இந்தியாவில் .303 தோட்டாவைச் சுடும் துப்பாக்கி தனிநபர்களுக்குத் தடை செய்யப்பட்ட ரகம். நம் ஊர்க் காவலர்களின் தோளில் பார்த்த அந்த 'த்ரீ நாட் த்ரீ'யின் உறவினர்தான் என்னிடம் உள்ள லீ என்ஃபீல்ட் எண் 4. மாசசூசெட்ஸ் மாநிலத்தின் சிக்கோபி ஃபால்ஸ் நகரில், இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டனுக்காக சாவேஜ் நிறுவனம் செய்தது. அமெரிக்கா நேச நாடுகளுக்குப் போர்த் தளவாடம் வழங்கிய கடன்-குத்தகைத் திட்டத்தில் அனுப்பப்பட்டதால் அதன் மேல் அமெரிக்க அரசின் சொத்து என்ற முத்திரை இருக்கிறது. இதனுடன் ஒரு சுவிஸ் கே31, ஒரு ரஷ்ய மோசின் நாகன்ட் 91/30. இந்த மூன்றிலும் பல ஆண்டுகளாக வார்த்த குண்டுகளையே பெரும்பாலும் சுடுகிறேன்.

இந்த வழிக்கு வரக் காரணம் தோட்டாத் தட்டுப்பாடு. ஒரு காலத்தில் மோசினுக்கான ராணுவ உபரித் தோட்டாக்கள், 440 அடங்கிய மூடி முத்திரையிட்ட தகரப் பெட்டிகளில் மலிவாகக் கிடைத்தன. அந்தக் கையிருப்பு கரைந்துவிட்டது. 2021இல் ரஷ்யத் தோட்டா இறக்குமதிக்கும் அமெரிக்கா கட்டுப்பாடு விதித்தது. பழைய தோட்டாக்களில் இன்னொரு தொல்லையும் உண்டு. அவற்றின் பிரைமர் (வெடிமருந்தைப் பற்றவைக்கும் சிறு தீமூட்டி) எரிந்தபின் குழலில் பொட்டாசியம் குளோரைடு உப்பை விட்டுச் செல்லும். அது காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து, தண்ணீர் விட்டுக் கழுவாத குழலைத் துருப்பிடிக்க வைத்துவிடும். நாமே நிரப்பும்போது இன்றைய பிரைமரைப் பயன்படுத்துவதால் அந்தக் கவலை இல்லை.

இப்போது அளவுக்கு வருகிறேன். எண்ணெய் தடவிய குழலுக்குள் மென்மையான தூய ஈய உருண்டை ஒன்றை மெல்லத் தட்டி மறுபக்கம் வெளியே எடுக்க வேண்டும். குழலின் சுழல் பள்ளங்கள் அதில் அப்படியே பதிந்திருக்கும். அதை மைக்ரோமீட்டரில் அளந்தால் பள்ளத்தின் விட்டம் தெரியும். என் லீ என்ஃபீல்ட் போர்க்கால அவசரத்தில் இரண்டே பள்ளங்களுடன் செய்யப்பட்டது. இரண்டும் எதிரெதிரே இருப்பதால் அளப்பது எளிது. வழக்கமான லீ என்ஃபீல்டில் ஐந்து பள்ளங்கள். ஒரு பள்ளத்துக்கு எதிரே மேடு வருவதால் சாதாரண மைக்ரோமீட்டர் தவறான எண்ணைக் காட்டும். வி வடிவத் தாங்கி கொண்ட மைக்ரோமீட்டர் அதற்குத் தேவை.

கடையில் விற்கும் செம்பு உறையிட்ட .303 குண்டின் விட்டம் 0.311 அல்லது 0.312 அங்குலம். என் குழலின் பள்ள விட்டமோ 0.314. போர்க்காலத்தில் அளவுகள் தளர்ந்திருந்தன. கார்டைட் வெடிமருந்தின் வெப்பம் வேறு குழலின் தொண்டைப் பகுதியை, அதாவது தோட்டா அறையை அடுத்த தொடக்கத்தை, அரித்திருக்கிறது. செம்பு உறை இந்த இடைவெளியை ஓரளவு பொறுத்துக்கொள்ளும். ஈயம் பொறுக்காது. குண்டுக்கும் குழலுக்கும் இடையில் கசியும் சூடான வாயு ஈயத்தின் பக்கங்களை அரித்து, அதைக் குழல் சுவரில் அப்பிவிடும். அதனால் குண்டு, பள்ள விட்டத்தைவிட ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கோ இரண்டு பங்கோ பெரிதாக இருக்க வேண்டும். ஆனால் இதற்கும் ஓர் எல்லை உண்டு. பெரிய குண்டைச் செருகியதும் தோட்டாக் கூட்டின் கழுத்து பருக்கும். அது தோட்டா உட்காரும் அறைக்குள் இறுகி, குண்டை விடுவிக்க இடமில்லாமல் போனால் அழுத்தம் ஆபத்தான அளவுக்கு ஏறும். கழுத்தைச் சுற்றி இடைவெளி இருப்பதை அளந்து உறுதி செய்யாமல் சுடவே கூடாது.

லீ என்ஃபீல்டுக்கு லைமன் நிறுவனத்தின் 314299 எண் கொண்ட, குண்டு வார்க்கும் இரும்பு அச்சைப் பயன்படுத்துகிறேன். ஏறத்தாழ 200 கிரெயின் (13 கிராம்) எடையுள்ள குண்டு. அதன் முன்பகுதி குழலின் மேடுகள் மீது சவாரி செய்யும், பின்பகுதி பள்ளங்களை நிரப்பும். இந்தத் துப்பாக்கிக்கு இதைவிடப் பொருத்தமான வடிவத்தை நான் பார்த்ததில்லை. மோசினுக்கு லீ நிறுவனத்தின் 185 கிரெயின் அலுமினிய அச்சு. அலுமினியம் சீக்கிரம் சூடேறும், கைக்கு இலகுவாக இருக்கும். இரும்பு கனமானது, எண்ணெய் போட்டு வைக்காவிட்டால் துருப்பிடிக்கும். ஆனால் சூடேறிய பிறகு வெப்பத்தைச் சீராகத் தாங்கும், தேய்மானமும் குறைவு. நீண்ட காலத்துக்கு நான் இரும்பையே சொல்வேன்.

கலவைக்கு, கார் சக்கரங்களைச் சமன்படுத்தும் பழைய ஈய எடைகளை உருக்கி, இரண்டு சதவீதம் வெள்ளீயம் சேர்க்கிறேன். வெள்ளீயம் இருந்தால் உலோகம் அச்சின் மூலை முடுக்குகளில் நன்றாக நிறையும். சந்தையில் புகழ்பெற்ற லைமன் எண் 2 கலவையில் 90 பங்கு ஈயம், 5 பங்கு வெள்ளீயம், 5 பங்கு ஆன்டிமனி. அது நல்ல கலவைதான். வினாடிக்கு 1,600 அடி வேகத்தில் சுடும் எனக்கு அவ்வளவு தேவைப்படவில்லை. கலிஃபோர்னியா போன்ற மாநிலங்கள் ஈய எடைகளைத் தடை செய்த பிறகு துத்தநாக எடைகள் நிறையக் கலந்து வருகின்றன. ஈயம் 327 டிகிரி செல்சியஸிலும் துத்தநாகம் ஏறத்தாழ 420 டிகிரியிலும் உருகும். உலையை அளவாகச் சூடேற்றினால் துத்தநாகம் உருகாமல் மேலே மிதக்கும், வழித்து எடுத்துவிடலாம். உருகிக் கலந்துவிட்டால் அந்த உலோகம் முழுவதும் குழகுழவென்று ஆகி அச்சில் சரியாக நிறையாது.

குழலில் ஈயம் அப்பாமல் இருக்கக் குண்டின் மேல் தேன்மெழுகு கலந்த மசகா, அல்லது சுட்டு எடுக்கும் பவுடர் பூச்சா என்பதில் எனக்கு ஒரே பதில் இல்லை. பாலியெஸ்டர் பவுடரில் குலுக்கி 200 டிகிரியில் இருபது நிமிடம் சுட்டால் குண்டின் மேல் உறுதியான உறை படியும், புகை குறையும், விட்டமும் சற்றுக் கூடும். அகலக் குழல் கொண்ட லீ என்ஃபீல்டுக்கும் மோசினுக்கும் அந்தக் கூடுதல் விட்டம் வரப்பிரசாதம். கே31இன் தொண்டை மிகக் குறுகலானது. பூசிய குண்டின் முன்பகுதி தடித்து, தோட்டா முழுதாக உள்ளே போகாமல் நின்றுவிடும். அதற்கு மசகுதான். மூன்றிலுமே குண்டின் அடியில் சூடான வாயுவிலிருந்து காக்கும், 'கேஸ் செக்' எனப்படும் செம்புத் தொப்பியை மாட்டுகிறேன். அதில் சிக்கனம் பார்ப்பதில்லை.

நிரப்பும்போது இரண்டு விஷயங்களை வலியுறுத்துவேன். லீ என்ஃபீல்டின் அறை தாராளமானது. சுட்ட பித்தளைக் கூட்டை ஒவ்வொரு முறையும் முழுக்க அழுத்திப் பழைய அளவுக்குக் கொண்டுவந்தால், அடிப்பகுதிக்குச் சற்று மேலே உலோகம் மெலிந்து ஒருநாள் துண்டாகும். கழுத்தை மட்டும் இறுக்கினால் அதே துப்பாக்கியில் கூடுகள் நெடுநாள் உழைக்கும். அடுத்தது உயிர் சம்பந்தப்பட்டது. ஈயக் குண்டுக்கான மருந்து அளவு சிறியது, கூட்டில் பாதிகூட நிரம்பாது. தவறி இரண்டு முறை கொட்டினாலும் வழியாது என்பதால் கண்ணுக்குத் தப்பிவிடும், துப்பாக்கியோ வெடித்துச் சிதறலாம். குண்டைச் செருகும் முன் எல்லாக் கூடுகளையும் தட்டில் நிறுத்தி, டார்ச் அடித்து ஒவ்வொன்றின் உள்ளேயும் பார்க்கிறேன். மருந்தின் அளவை இங்கே நான் எழுதாததற்கும் காரணம் உண்டு. அச்சிட்ட கையேட்டில், உங்கள் குண்டுக்கும் உங்கள் மருந்துக்கும் உரிய அட்டவணையில் இருந்து மட்டுமே அதை எடுக்க வேண்டும். யாரோ சொன்னார்கள் என்பதற்காக எடுக்கக் கூடாது.

பலன் எப்படி? நூறு கெஜத்தில் கே31 இரண்டு அங்குலத்துக்குள் குண்டுகளைச் சேர்க்கிறது. லீ என்ஃபீல்ட் மூன்று அங்குலம். மோசின் நான்கு, சில நாள் ஐந்து. பழைய .303 ராணுவத் தோட்டாவின் குண்டு வினாடிக்கு 2,440 அடி வேகத்தில் பறக்கும், தோளையும் இடிக்கும். இதில் உதை மெல்லியது. நாள் முழுக்கச் சுட்டாலும் தோள் வலிப்பதில்லை, எண்பது வயதுக் குழலும் தேய்வதில்லை. நண்பரின் ஸ்வீடிஷ் மவுசர் 6.5 மில்லிமீட்டரில் மட்டும் எனக்குத் திருப்தி இல்லை. ஏறத்தாழ எட்டு அங்குலத்துக்கு ஒரு சுற்று என்ற, குழல் பள்ளங்களின் வேகமான முறுக்கில், நீண்டு மெலிந்த ஈயக் குண்டு சற்றே வேகம் கூட்டினாலும் தடம் புரள்கிறது. அந்தத் துப்பாக்கிக்கு உறையிட்ட குண்டே மரியாதை.

கருவிகளில் எனக்கு மனக்குறை தந்தது, அடியில் குழாய் வைத்த மின் உலை. வாங்கிய சில மாதங்களிலேயே சொட்டத் தொடங்கியது. வால்வைக் கழற்றித் துடைத்தாலும் கசடு மீண்டும் சேர்ந்து சொட்டும். இப்போது கரண்டியால் மொண்டு ஊற்றுகிறேன். வேகம் குறைவு, ஆனால் குண்டுகள் சீராக வருகின்றன.

ஈயத்தின் நஞ்சைப் பற்றி யாரும் அலட்சியமாக இருக்கக் கூடாது. உருக்கும் வெப்பத்தில் ஆவியைவிடக் கசடின் தூசியே பெரிய ஆபத்து. அது கையில் ஒட்டி வாய்க்குப் போகிறது, உடையில் ஒட்டி வீட்டுக்குள் போகிறது. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் குழந்தைகளின் ரத்த ஈயத்துக்கான எச்சரிக்கை அளவை 2021இல் டெசிலிட்டருக்கு 3.5 மைக்ரோகிராமாகக் குறைத்தது. குழந்தைகள் வளைய வரும் இடத்தில் இந்த வேலையே கூடாது. திறந்த வெளியில், தனி உடையில் வார்க்கிறேன். பவுடர் பூச்சுக்கு வைத்திருக்கும் சிறு அடுப்பில் உணவு சூடாக்குவதில்லை. ஆண்டுதோறும் ரத்தப் பரிசோதனையில் ஈயத்தின் அளவைப் பார்த்துக்கொள்கிறேன். உருகிய ஈயத்தில் ஒரு துளி தண்ணீர் சிக்கினாலும் அது நீராவியாக வெடித்துப் பாத்திரத்தையே காலி செய்யும். முகக் கவசமும் தோல் கையுறையும் இல்லாமல் உலைக்கு அருகே நிற்கவே வேண்டாம்.

பணம் மிச்சமாகும் என்று நம்பி இறங்குபவருக்கு, உலை, அச்சு, குண்டைச் சரியான விட்டத்துக்கு அளவாக்கும் கருவி எல்லாம் சேர்ந்து அந்த மிச்சத்தை நெடுநாள் தின்றுகொண்டிருக்கும். தொடங்க விரும்புபவர் முதலில் ஒரு நல்ல மைக்ரோமீட்டரையும் சில தூய ஈய உருண்டைகளையும் வாங்கிக் குழலை அளக்கட்டும். பிறகு அந்த அளவுக்கு ஏற்ற வார்த்த குண்டுகளைச் சில்லறையாக விற்பவரிடம் ஒரு பெட்டி வாங்கிச் சுட்டுப் பார்க்கட்டும். துப்பாக்கிக்குப் பிடித்தால் அதே வடிவத்தில் அச்சு வாங்கலாம்.