வேலூர் வெயிலுக்கு ஃப்ரியோ இன்சுலின் பை தாங்குகிறதா?

இன்சுலின் போடுகிறவர்களுக்கு வேலூரில் மே மாதத்தை ஓட்டுவது லேசான காரியம் இல்லை. 40 டிகிரியைச் சர்வசாதாரணமாகத் தாண்டுகிற ஊர் இது, அந்த வெயிலில் கைப்பைக்குள் கிடக்கிற இன்சுலின் பென் (பேனா மாதிரி இருக்கிற ஊசி) என்ன கதிக்கு ஆளாகும் என்று நிறைய பேர் யோசிப்பதே இல்லை. பிரித்துப் போட ஆரம்பித்த பென்னை 30 டிகிரிக்குள் இருந்தால் நாலு வாரம் வரை வெளியே வைக்கலாம், பெரும்பாலான இன்சுலினுக்கு இதுதான் கணக்கு. நம் ஊரில் ஃபேன் ஓடுகிற அறையே அதைத் தாண்டிவிடும். அதனால்தான் அம்மாவுக்கு, இன்சுலினைச் சூடாகாமல் வைக்கிற இந்த ஃப்ரியோ பையை வாங்கினேன், வாங்கியதில் ரொம்பத் திருப்தி.

இதற்கு ஐஸும் வேண்டாம், கரண்டும் வேண்டாம். துணிக்குள் பொடிப் பொடியாக ஏதோ தைத்து வைத்திருக்கிறார்கள், தண்ணீரில் கொஞ்ச நேரம் முக்கினால் அது உப்பிக் கூழாகிவிடும். மேலே இருக்கிற ஈரத்தைத் துண்டால் ஒற்றிவிட்டுப் பென்னை உள்ளே வைக்க வேண்டியதுதான். துணி வழியாக ஈரம் ஆவியாக ஆக, மண்பானைத் தண்ணீர் மாதிரி உள்ளே குளிர்கிறது. 37.8 டிகிரி வெப்பத்திலும் 45 மணி நேரம் 18 முதல் 26 டிகிரிக்குள் வைக்கும் என்று கம்பெனி சொல்கிறது. நான் சின்ன தெர்மாமீட்டர் ஒன்றை உள்ளே போட்டுப் பார்த்தேன். வெளியே 39 காட்டின மத்தியானம் உள்ளே 28-ஐத் தாண்டவில்லை, ஆனாலும் அக்னி நட்சத்திரத்தில் தினமும் சாயங்காலம் ஒருமுறை நனைத்துவிடுகிறோம்.

வேலூர்க் காற்று கோடையில் வறண்டு கிடப்பதால்தான் இங்கே இவ்வளவு நன்றாக வேலை செய்கிறது. சென்னையில் அக்கா வீட்டுக்குக் கொண்டுபோனபோது அந்தப் புழுக்கத்தில் இந்த அளவுக்குக் குளிரவில்லை. அப்புறம், காற்று படாத இடத்தில் வைத்தால் பிரயோஜனமே இல்லை: பாலித்தீன் கவர், எவர்சில்வர் டப்பா, வண்டி டிக்கி எதுவும் கூடாது. நனைந்த பையை ஃப்ரீசரில் வைக்கவே வைக்காதீர்கள், ஒருமுறை உறைந்துபோன இன்சுலினைத் தூக்கிப்போட வேண்டியதுதான்.

பிரிக்காத ஸ்டாக்குக்கு இந்தப் பை சரிப்படாது, அதற்கு 2 முதல் 8 டிகிரி வேண்டும், ஃப்ரிட்ஜ்தான் வழி. ஃப்ரிட்ஜ் இல்லாத வீட்டில், பிரித்த பென்னுக்கு ஈர மணல் போட்ட பெரிய பானைக்குள் சின்னப் பானை வைத்தால் ஓரளவு சமாளிக்கலாம், ஆனால் மெருகு பூசாத சாதா மண்பானையாக இருக்கட்டும். கரிகிரிப் பானை பார்க்க அழகுதான், அந்தப் பளபளப்புப் பூச்சில் ஈரம் கசியாது, குளிராது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு மெடிக்கலில் (பெயர் வேண்டாம்) பென்னை எடுத்து வெயில் விழுகிற கவுன்டரில் வைத்துவிட்டு வேறு ஆளுக்கு மாத்திரை எண்ணிக்கொண்டிருந்தார்கள், அப்புறம் வெறும் பேப்பர் கவரில் போட்டு நீட்டினார்கள். ஐஸ் பேக் கேட்டதற்கு "ஒண்ணும் ஆகாதும்மா" என்று அம்மாவிடம் பதில். ரொம்பக் கோபம் வந்தது. கடையிலேயே கெட்டுப்போனதை எந்தப் பையாலும் காப்பாற்ற முடியாது, அதுவும் சூட்டில் வீரியம் குறைந்த இன்சுலின் பார்வைக்கு நல்லதாகவே இருக்கும். அதே சாப்பாடு, அதே யூனிட், சுகர் மட்டும் காரணமில்லாமல் ஏறுகிறது என்றால் யூனிட்டை நீங்களாகவே கூட்டாமல், பென்னையும் சந்தேகப்பட்டு டாக்டரிடம் சொல்லுங்கள்.

விலை ஒரு துணிப் பைக்கு அதிகம்தான், ஆனால் திரும்பத் திரும்ப நனைத்துப் பல கோடைக்கு வைத்துக்கொள்ளலாம். காலைக்கு ஒன்று, ராத்திரிக்கு ஒன்று என்று இரண்டு பென் போடுகிறவர்கள் இரட்டை அளவாகப் பார்த்து வாங்குங்கள். ஊசியைக் கழற்றி, மூடி போட்டுத்தான் பென்னை உள்ளே வைக்க வேண்டும்.