‘வணக்கம்’ என்ற தலைப்பில் பதினொரு மடல்கள்: ஜிமெயிலோடு கூகிள் டாஸ்க்ஸ்

கோயில் மலரின் எட்டாம் பக்கத்தைத் திருத்தச் சொல்லி வரும் மடலுக்கு யாரும் ‘எட்டாம் பக்கத் திருத்தம்’ என்று தலைப்பு இடுவதில்லை. ‘வணக்கம்’ என்றுதான் இடுகிறார்கள். மலேசியாவின் பினாங்கு ஜார்ஜ்டவுனில் வீட்டின் ஓர் அறையையே அலுவலகமாக வைத்துக்கொண்டு, பக்க வடிவமைப்பும் மலாய், ஆங்கிலம், தமிழ் ஆகியவற்றுக்கிடையே மொழிபெயர்ப்பும் செய்து வாழும் எனக்கு, இந்த மதிப்புரையை எழுத உட்கார்ந்த நாளில் ‘வணக்கம்’ என்ற தலைப்பில் மட்டும் பதினொரு மடல்கள் வந்து கிடந்தன. அவற்றில் மூன்று உண்மையிலேயே நலம் விசாரிக்க வந்தவை. மீதி எட்டிலும் வேலை இருந்தது. இரண்டில் ஒன்றுக்கு மேற்பட்ட வேலைகள் இருந்தன.

தனியாகத் தொழில் செய்பவர்கள் வாடிக்கையாளர் மடல்களைப் பணிகளாகப் பிரித்து நிர்வகிக்கப் பல கருவிகள் உள்ளன. நான் ட்ரெல்லோவையும் டுடுயிஸ்ட்டையும் சில மாதங்கள் பயன்படுத்திவிட்டு, ஜிமெயிலின் வலப்பக்கத்திலேயே திறக்கும் கூகிள் டாஸ்க்ஸுக்கு வந்து சேர்ந்தவன். பதினான்கு மாதங்களாக அதிலேயே இருக்கிறேன். அது சிறந்த கருவி என்று சொல்ல மாட்டேன். ஒற்றை ஆளாக இருப்பவருக்கு, மடலுக்கும் வேலைக்கும் இடையிலுள்ள தூரத்தை மிகக் குறைவாக வைத்திருக்கும் கருவி அது என்பதே என் கருத்து.

அந்தத் தூரம் எவ்வளவு விலை பிடிக்கும் என்பதை நான் கற்றுக்கொண்டது ஒரு குடமுழுக்கு மலரில். பினாங்குத் தீவுக்கு எதிரேயுள்ள பெருநிலப் பக்கத்து ஆலயம் ஒன்றின் செயலாளர் அனுப்பிய மடலில் மூன்று செய்திகள் இருந்தன. முதல் பத்தியில் எட்டாம் பக்க விளம்பரத்தை மாற்றச் சொல்லியிருந்தார். இரண்டாம் பத்தியில் கூடுதலாக இருநூறு பிரதிகளுக்கு விலை கேட்டிருந்தார். மூன்றாம் பத்தியில், வாழ்த்துகளுக்கும் நன்றிக்கும் நடுவே, நன்கொடையாளர் ஒருவரின் முன்னெழுத்து ‘மு’ அல்ல, ‘சு’ என்று ஒரே வரியில் குறிப்பிட்டிருந்தார். நான் விளம்பரத்தை மாற்றினேன், விலையைச் சொன்னேன், பதில் அனுப்பிய நிம்மதியில் மடலை ஆர்க்கைவில், அதாவது நீக்காமல் பெட்டியிலிருந்து ஒதுக்கி வைக்கும் இடத்தில், தள்ளிவிட்டேன். மலர் அச்சாகி வந்த பிறகு, அச்சகத்தின் பின்கூடத்தில் கோயில் இளைஞர்கள் நால்வரோடு தரையில் உட்கார்ந்து, ஆயிரத்து இருநூறு பிரதிகளில் நகம் அளவிலான ஒட்டுத்தாளை ஒவ்வொன்றாக ஒட்டினோம். ஒட்டுத்தாளின் வெள்ளையும் பக்கத்தின் வெள்ளையும் ஒன்றாக இல்லை. விளக்கொளியில் சாய்த்துப் பார்த்தால் இன்றும் தெரியும். செயலாளர் கோபப்படவில்லை. “நான்தான் மடல்ல தெளிவா போட்டிருந்தேனே தம்பி” என்று மட்டும் சொன்னார். போட்டிருந்தார் என்பது உண்மை.

பதில் எழுதிவிட்டால் மடல் முடிந்துவிடுகிறது; வேலை முடிவதில்லை. பழைய வழக்கப்படி நட்சத்திரம் இடுவதும், படித்ததைப் படிக்காததாக மாற்றி வைப்பதும் மடலை நினைவூட்டுமே தவிர, அதற்குள் எத்தனை வேலைகள் உள்ளன என்று சொல்வதில்லை. ஸ்னூஸ் வசதியும் அப்படித்தான்: குறித்த நேரத்தில் மடல் மீண்டும் பெட்டியின் உச்சிக்கு வந்து நிற்கும், ஆனால் ஏன் வந்தது என்று அதற்குத் தெரியாது, அடுத்த கால் மணி நேரம் நாம் அதை மறுபடி முழுதாகப் படிக்க வேண்டும்.

டாஸ்க்ஸின் செயல்முறை எளிது. கணினியில் மடலைத் திறந்து மேலே உள்ள ‘பணிகளில் சேர்’ என்ற பொருள்படும் பொத்தானை அழுத்தினால், வலப்பக்கப் பலகையில் ஒரு பணி உருவாகிறது. ஜிமெயில் அமைப்பில் விசைக் குறுக்குவழிகளை இயக்கி வைத்திருந்தால் ஷிஃப்ட், டி ஆகிய இரு விசைகளே போதும். பணியின் அடியில் மடலுக்கான இணைப்பு ஒட்டிக்கொண்டிருக்கும். அதை அழுத்தினால் மடல் திறக்கும், ஆர்க்கைவில் இருந்தாலும் திறக்கும். இந்த ஓர் இணைப்புக்காகவே நான் மற்றவற்றை விட்டுவிட்டு இதில் தங்கியிருக்கிறேன்.

முதல் இடறலும் அங்கேயே காத்திருக்கிறது. மடலின் தலைப்பையே பணியின் பெயராக அது எடுத்துக்கொள்கிறது. அப்படியே விட்டால், பணிப் பட்டியலில் ‘வணக்கம்’, ‘வணக்கம்’, ‘மலர்’, ‘வணக்கம்’ என்று வரிசையாக நிற்கும். ஆகவே சேர்த்த கையோடு பெயரை மாற்றிவிடுவது என்று விதி வைத்துக்கொண்டேன்: ‘நன்கொடையாளர் முன்னெழுத்து மு என்பதைச் சு ஆக்கு’ என்பதுபோல, ஏவல் வினையில் முடியும் ஒரு வரி. ஒரு மடலில் மூன்று வேலைகள் இருந்தால் பணியின் கீழ் மூன்று துணைப்பணிகளை எழுதுகிறேன். இதைச் செய்ய மடலைக் கடைசி வரி வரை படித்தே தீர வேண்டும். கருவி நம்மைக் கட்டாயப்படுத்துவதில்லை என்றாலும், பெயர் வைக்க உட்காரும்போது மூன்றாம் பத்தி கண்ணில் படாமல் போவதில்லை.

பட்டியல்களை எப்படிப் பிரிப்பது என்பதில்தான் பலரும் சறுக்குகிறார்கள். நானும் தொடக்கத்தில் வாடிக்கையாளருக்கு ஒரு பட்டியல் என்று வைத்து, பத்தொன்பது பட்டியல்களோடு திண்டாடினேன். இப்போது மூன்றுதான்: ‘என் கையில்’, ‘அவர் கையில்’, ‘பணம் வரவேண்டும்’. மெய்ப்பை (வாடிக்கையாளர் திருத்தம் பார்ப்பதற்கான மாதிரிப் பக்கத்தை) அனுப்பியதும் பணியை முதல் பட்டியலிலிருந்து இரண்டாவதற்கு மாற்றி, மூன்று நாள் தள்ளி ஒரு தேதி இடுகிறேன். அந்தத் தேதிக்குள் பதில் வராவிட்டால் தேதி சிவப்பாகிவிடும், இணைப்பை அழுத்தி, அதே மடல் தொடரிலேயே “மெய்ப்பைப் பார்த்தீர்களா ஐயா?” என்று ஒரு வரி எழுதிவிடுகிறேன். தாமதத்துக்கு யார் காரணம் என்ற வாக்குவாதம் என் தொழிலில் அடிக்கடி எழுவது. அந்த வாக்குவாதத்துக்கு இப்போது என்னிடம் தேதியோடு விடை இருக்கிறது. காலையில் ‘என் கையில்’ பட்டியலை மட்டுமே திறக்கிறேன் என்பதால், முப்பது மடல்களின் பாரம் ஏழு வரிகளாகக் குறைந்து கண்முன் நிற்கிறது.

தேதி இடுவதற்கு மலேசியாவில் கொஞ்சம் நாட்காட்டி ஞானம் வேண்டும். கெடா மாநிலத்துச் சுங்கைப்பட்டாணியில் எனக்கொரு வாடிக்கையாளர் இருக்கிறார். கெடாவில் வார விடுமுறை வெள்ளியும் சனியும் என்பதால் அவருடைய அலுவலகம் ஞாயிற்றுக்கிழமை காலையில் சுறுசுறுப்பாக மடல் அனுப்பும், வெள்ளிக்கிழமை நான் அனுப்புவதை யாரும் பார்க்க மாட்டார்கள். கோலாலம்பூர்க்காரர்களுக்குப் பிப்ரவரி 1 கூட்டரசுப் பிரதேச தினம், விடுமுறை. எனக்கு அன்று வேலை நாள். ஜூலை 7 ஜார்ஜ்டவுன் உலக மரபுடைமை நாளுக்காகப் பினாங்கில் விடுமுறை. அதை வேறு மாநிலத்தவர் யாரும் நினைவில் வைத்திருப்பதில்லை. சென்னைப் பதிப்பாளர் ஒருவர் மாலை ஆறு மணிக்கு அனுப்பும் மடல் எனக்கு இரவு எட்டரைக்கு வருகிறது. டாஸ்க்ஸில் தேதியிட்ட பணி கூகிள் நாட்காட்டியிலும் தோன்றுவதால், இந்த விடுமுறைகளை ஒருமுறை அங்கே குறித்து வைத்துவிட்டால் பணியும் விடுமுறையும் அருகருகே தெரியும். நள்ளிரவில் எழுதும் பதில்களைக் காலை ஒன்பதுக்குப் புறப்படுமாறு நேரம் குறித்து அனுப்பும் வசதியை ஜிமெயில் 2019இல் கொண்டுவந்தது. அதைத் தாராளமாகப் பயன்படுத்துகிறேன். ஒரு முறை இரவு ஒரு மணிக்குப் பதில் போட்டுவிட்டால், வாடிக்கையாளர் நம்மை ஒரு மணிக்கும் விழித்திருப்பவர் என்று கணக்கில் வைத்துக்கொள்கிறார்.

குறைகள் சிறியவை அல்ல. தனிக் கணக்கில் வைத்திருக்கும் பட்டியலை இன்னொருவரோடு பகிர முடியாது. பணிக்குள் கோப்பை இணைக்க முடியாது. கோப்பு மடலிலேயே கிடக்கும், இணைப்பு வழியாகத்தான் போக வேண்டும். மடலை நிரந்தரமாக நீக்கிவிட்டால் அந்த வழியும் அடைபடும், ஆகவே நீக்காமல் ஆர்க்கைவ் செய்யப் பழக வேண்டும். எல்லாவற்றையும்விடப் பெரிய குறை, இணைப்பு மடல் தொடர் முழுவதையும் திறக்கிறது என்பதுதான். நாற்பது மடல்கள் கொண்ட தொடரில் நமக்கு வேண்டிய வரி எந்த மடலில் உள்ளது என்று தேட வேண்டியிருக்கும். ஜிமெயிலில் தலைப்பு மாறினாலோ, தொடர் நூறு மடல்களைத் தாண்டினாலோதான் புதிய தொடர் பிறக்கும். நான் அந்த வரியை அப்படியே படியெடுத்து, பணியின் விவரப் பகுதியில் ஒட்டிவிடுகிறேன். அதோடு, புதிய வேலை தொடங்கும்போது பதில் மடலின் தலைப்பை நானே மாற்றி அனுப்புகிறேன். வாடிக்கையாளர் கவனிப்பதில்லை, தொடர் அழகாகப் பிரிந்துவிடுகிறது.

இரண்டு பேர் சேர்ந்து செய்யும் தொழிலாக இருந்தால் ட்ரெல்லோவைப் பரிந்துரைப்பேன். ஒவ்வொரு பலகைக்கும் தனி மின்னஞ்சல் முகவரி கிடைக்கும். வாடிக்கையாளரின் மடலை அந்த முகவரிக்குத் திருப்பிவிட்டால், தலைப்பு அட்டையின் பெயராகவும், மடலின் உடல் விளக்கமாகவும் மாறி, இணைப்புக் கோப்புகளும் கூடவே வந்து சேரும். அட்டையை ஒரு நெடுவரிசையிலிருந்து அடுத்த நெடுவரிசைக்கு இழுக்கும்போது வேலை யார் கையில் இருக்கிறது என்பது தூரத்திலிருந்தே தெரியும். என் மூன்று பட்டியல் முறையே அங்கிருந்து கற்றதுதான். ஆனால் அட்டையில் இருப்பது மடலின் நகல். பதில் எழுத மீண்டும் ஜிமெயிலுக்குப் போய், மூல மடலைத் தேடி எடுக்க வேண்டும். ஓவியரோடு சேர்ந்து பாடநூல் ஒன்றைச் செய்த நான்கு மாதங்களில் அந்தப் பலகை பேருதவியாக இருந்தது. அவர் போன பிறகு, நானே எழுதி நானே படிக்கும் அறிவிப்புப் பலகையாக அது மாறிவிட்டது.

டுடுயிஸ்ட் அழகான கருவி. மடலைத் திருப்பிவிட அதிலும் முகவரி உண்டு. பணியோடு சேர்த்து ஆங்கிலத்தில் ‘நாளை’, ‘ஒவ்வொரு திங்களும்’ என்று எழுதினால் தேதியை அதுவே புரிந்துகொள்ளும். தமிழில் எழுதினால் புரிந்துகொள்ளாது. பணிகளைத் தமிழில் எழுதுபவனுக்கு அதன் முதன்மைச் சிறப்பே பயன்படாமல் போகிறது.

இவை எதுவும் தீர்க்காத சிக்கல் ஒன்று இருக்கிறது, அது புலனம் (வாட்ஸ்அப்). மடலில் தொடங்கும் வேலைகளில் பாதி, திருத்தம் என்று வரும்போது புலனத்துக்குத் தாவிவிடுகின்றன. “தம்பி, பதினஞ்சாம் பக்கம் அந்தப் படம் வேணாம்” என்று காரோட்டிக்கொண்டே பேசி அனுப்பிய குரல்பதிவு எந்தப் பணிப் பட்டியலுக்கும் தானாக வந்து சேராது. மடலில் அனுப்புங்கள் என்று பெரியவர்களிடம் சொல்லிப் பார்த்து அலுத்துவிட்டேன். இப்போது குரல்பதிவைக் கேட்டதும், ‘தொலைபேசியில் தாங்கள் கூறியபடி’ என்று தொடங்கி, நானே அவர்களுக்கு ஒரு மடல் எழுதி, அனுப்பிய அந்த மடலையே பணியில் சேர்க்கிறேன். கூடுதல் வேலைதான். ஆனாலும், அந்தப் படத்தை எடுக்கச் சொன்னது யார் என்று செயற்குழுக் கூட்டத்தில் கேள்வி வந்தபோது இரண்டு முறை அந்த மடல் என்னைக் காப்பாற்றியிருக்கிறது.

செலவு என்று பார்த்தால், டாஸ்க்ஸுக்குத் தனிக் கட்டணம் இல்லை. இடம்தான் இடிக்கும். இலவசக் கணக்கின் 15 ஜிபி அஞ்சலுக்கும் ட்ரைவுக்கும் புகைப்படங்களுக்கும் பொது. தேர்த் திருவிழாப் படங்களை அப்படியே அனுப்பும் மூன்று ஆலயங்கள் வாடிக்கையாளர்களாக இருந்தால் ஓர் ஆண்டு தாங்காது. படங்களை வெளி வன்தட்டுக்கு மாற்றிவிட்டு அந்த மடல்களை மட்டும் நீக்குகிறேன். விலைப்பட்டியலும் கட்டணச் சீட்டும் உள்ள மடல்களைத் தொடுவதில்லை. உள்நாட்டு வருமான வரி வாரியம் தொழில் ஆவணங்களை ஏழு ஆண்டுகள் வைத்திருக்கச் சொல்வதால், அவற்றுக்கெனத் தனி லேபிள் வைத்திருக்கிறேன். சொந்தத் தொழில் வருமானம் உள்ளவர்களுக்கான பி படிவத்தை நிரப்பும் ஜூன் மாதத்தில், ‘பணம் வரவேண்டும்’ பட்டியலின் அடியில் முடிந்தவையாகச் சேர்ந்திருக்கும் வரிகளை ஒவ்வொன்றாக அழுத்தினால், அந்தந்த விலைப்பட்டியல் மடல் திறக்கும். சென்ற முறை கணக்கை ஒரே பிற்பகலில் முடித்தேன்.

அதே பட்டியலின் உச்சியில் ஒரு வரி மட்டும் ஏழு மாதங்களாகச் சிவப்பில் நிற்கிறது: ‘சங்க ஆண்டு மலர், 850 ரிங்கிட், பொருளாளரிடம் கேள்’. இணைப்பை அழுத்தினால் தொடர் திறக்கிறது. கடைசி மடல் அவருடையது. “அடுத்த கூட்டத்தில் வைத்துப் பேசி முடிவு செய்கிறோம் தம்பி” என்று எழுதியிருக்கிறார், தலைப்பு ‘வணக்கம்’.