ஹாம்பர்க் படகுத்துறையில் மாட்யெஸா, பாக்ஃபிஷா?

ஹாம்பர்க்கின் லாண்டுங்ஸ்ப்ரூக்கன் படகுத்துறையில் ஃபிஷ்ப்ரோட்ஷன் என்னும் மீன் ரொட்டியை விற்கும் கடைகளில் விலைப் பட்டியல் எவ்வளவு நீண்டிருந்தாலும், புதிதாக வருபவரின் தயக்கம் பெரும்பாலும் இரண்டுக்கு நடுவில்தான் இருக்கிறது. ஒன்று, மாவில் தோய்த்துப் பொரித்த வெள்ளை மீனை வைத்துத் தரும் பாக்ஃபிஷ். மற்றது, நம் மத்திக்கு உறவினமான ஹெர்ரிங்கை உப்பில் பதப்படுத்தி வைக்கும் மாட்யெஸ். அங்கே தங்கியிருந்த நான்கு நாட்களும் இரண்டையும் மாற்றி மாற்றிச் சாப்பிட்ட பிறகு நான் மாட்யெஸின் பக்கம் சாய்ந்துவிட்டேன்.

பாக்ஃபிஷின் நிறைகள் எல்லோரும் அறிந்தவையே: சூடு, மொறுமொறுப்பு, ரெமுலாட் சாஸின் புளிப்பு. முள்ளுக்கு அஞ்ச வேண்டியதில்லை. குழந்தைகளும் விரும்பிச் சாப்பிடுவார்கள்.

ஆனால் என் முடிவைத் தீர்மானித்தது சுவையன்று, காத்திருப்பு. பொரித்த துண்டு கண்ணாடிப் பெட்டிக்குள் கால் மணி நேரம் இருந்தாலே அதன் ஆவி மேல்மாவை இளக்கிவிடுகிறது. மூன்றாம் நாள் பிற்பகல், கூட்டம் குறைந்திருந்த ஒரு கடையில் வாங்கியதைக் கடித்தபோது மாவு ஒரே தோலாக உரிந்து வந்தது. அடி ரொட்டியோ ஈரத்தில் நசுங்கிக் கிடந்தது. புதிதாகப் பொரித்ததாகவே இருந்தாலும், எல்பா ஆற்றின் நீர்மட்டத்தோடு ஏறி இறங்கும் அந்த மிதவை மேடையில் வீசும் காற்று நான்கு வாய் தின்பதற்குள் அதை ஆற வைத்துவிடும்.

மாட்யெஸுக்கு இந்தக் கவலையே இல்லை, ஏனெனில் அதன் பக்குவம் கடைக்கு வருமுன்பே முடிந்துவிடுகிறது. கோடையின் தொடக்கத்தில், சினை பிடிப்பதற்கு முன், உடலில் கொழுப்பு 12 விழுக்காட்டைத் தாண்டியிருக்கும் பருவத்தில் பிடித்த ஹெர்ரிங்கின் செவுளையும் குடலில் ஒரு பகுதியையும் நீக்கி, கணையத்தை மட்டும் உள்ளேயே விட்டு, மிதமான உப்புநீரில் இடுகிறார்கள். அந்தக் கணைய நொதிகளே சதையை வெண்ணெய்போல மென்மையாக்குகின்றன. சமைக்காத மீன் என்பதால், புழுக்களை அழிக்க உறைநிலையில் வைத்தெடுப்பதும் உண்டு. ஆண்டு முழுவதும் கிடைப்பதும் அதனால்தான்.

ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். முன்கூட்டியே அடுக்கி வைத்த ரொட்டியைத் தவிர்த்து, கண்ணெதிரே ரொட்டியைப் பிளந்து, மீனையும் பச்சை வெங்காய வளையங்களையும் வைத்துத் தரும் கடையில் வாங்குங்கள். மேலோடு நொறுங்கும்போது உள்ளிருக்கும் குளிர்ந்த கொழுப்பு வெங்காயத்தின் காரத்தைத் தணிக்கும் அந்த முதல் வாய்க்காகவே நான் மறுபடியும் வரிசையில் நின்றேன்.

இரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு மாட்யெஸில் உப்பு அதிகம்; கருவுற்றிருப்பவர்கள் பாக்ஃபிஷையே எடுப்பது நல்லது. வட கடல் இறால் வைத்ததை ஒரே ஒருமுறைதான் சாப்பிட்டேன், இனிப்பாக இருந்தது, ஆனால் அதை வைத்துத் தீர்ப்புச் சொல்ல எனக்கு மனமில்லை. பாக்ஃபிஷ்தான் வேண்டுமென்றால், எண்ணெயிலிருந்து எடுத்த துண்டு நேராக ரொட்டிக்குள் போகும் நண்பகல் நெரிசலில் வாங்குங்கள்.