நியூயார்க் மாநிலத்தின் நிதி நெருக்கடி மதிப்பெண்: எதற்கு உதவும், எங்கே சறுக்கும்

நியூயார்க் மாநில கம்ப்ட்ரோலர் (மாநிலத்தின் தலைமை நிதி, தணிக்கை அதிகாரி) அலுவலகம் 2013 முதல் நடத்தும் இலவசச் சேவை இது. உள்ளாட்சிகள் அனுப்பும் ஆண்டுக் கணக்கை வைத்து மதிப்பெண் போடுகிறார்கள். நகர, மாவட்ட நிர்வாகங்களுக்கு 45ஐத் தாண்டினால் எச்சரிக்கை, 55க்கு மேல் மிதமான நெருக்கடி, 65க்கு மேல் கடும் நெருக்கடி.

மொத்த மதிப்பெண்ணோடு நிறுத்தாதீர்கள். உள்ளே இருப்பு நிதி (கணக்கில் மிஞ்சும் நிதி), தொடர் பற்றாக்குறை, கையிருப்புப் பணம் (உடனே செலவழிக்கக்கூடிய ரொக்கம்), குறுகிய காலக் கடன், நிலையான செலவு எனத் தனித்தனியாக இருக்கும். இருப்பு நிதி நன்றாகத் தெரிந்து, கையிருப்பு மட்டும் வற்றியிருந்தால் சந்தேகப்படுங்கள். வர வேண்டிய பாக்கி வருமானமாக ஏறியிருக்கும். சம்பளம் போடக் காசு இருக்காது. சொத்தை விற்ற ஆண்டிலும் எண் அழகாகத்தான் இருக்கும். அதனால் குறைந்தது மூன்று ஆண்டுகளைச் சேர்த்துப் பாருங்கள்.

பெரிய ஓட்டை, கணக்கே அனுப்பாதவர்கள். அவர்களுக்கு மதிப்பெண் கிடையாது, பட்டியலில் சிவப்பும் விழாது. உண்மையில் முதலில் கவலைப்பட வேண்டியது அவர்களைப் பற்றித்தான்! தவிர, மதிப்பெண் வருவது ஆண்டு முடிந்து பல மாதம் கழித்து. நியூயார்க் நகரம் இதில் சேராது.

இந்த மதிப்பெண்ணுக்குக் கடிவாளம் போடும் அதிகாரம் இல்லை. அதற்குத் தனிச் சட்டம் வேண்டும்: நாசோ கவுன்டிக்கு (மாவட்டம்) 2000இலும், பஃபலோ நகரத்துக்கு 2003இலும் அப்படித்தான் நிதியைக் கண்காணித்துக் கட்டுப்படுத்தும் வாரியங்கள் வந்தன. நாசோவில் பற்றாக்குறை பட்ஜெட்டின் முக்கிய நிதிகளில் 1 சதவீதத்தைத் தொட்டாலே வாரியம் முழுக் கட்டுப்பாட்டைக் கையில் எடுக்கலாம், 2011இல் எடுத்தது.