கோத்தகிரி மழையும் பித்தளை இறக்கை டேபிள் ஃபேனும்

மலையில் ஃபேன் எதற்கு என்று கேட்காத ஆளில்லை. ஐப்பசி, கார்த்திகையில் கோத்தகிரியில் துணி காயப்போட்டவர்கள் கேட்க மாட்டார்கள். வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டால் ஜீன்ஸ் பேன்ட் நாள்கணக்கில் கொடியிலேயே தொங்கும், பூஞ்சை வாடை வேறு. அதற்காகத்தான் பரணில் கிடந்த தாத்தா காலத்து டேபிள் ஃபேனைச் சரிசெய்தேன். வார்ப்பிரும்பு அடிப்பாகம், பித்தளை இறக்கை. சில வருஷமாக ஓடுகிறது.

இறக்கியபோது கையால் சுற்றினால்கூட ஷாஃப்ட் அசையவில்லை. எப்போதோ யாரோ ஷாஃப்டைத் தாங்கும் உலோக வளையமான புஷ்ஷுக்குத் தேங்காய் எண்ணெய் விட்டிருக்கிறார்கள். 24 டிகிரிக்குக் கீழே போனாலே உறையத் தொடங்கும் எண்ணெய் அது. இங்கே தலைக்குத் தேய்க்கவே பாட்டிலை வெயிலில் வைக்க வேண்டும்! நாள்பட்டு, தூசியும் சேர்ந்து அரக்கு மாதிரி இறுகியிருந்தது. மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு, பழைய டூத் பிரஷ்ஷால் தேய்க்கத் தேய்க்க உள்ளே வெண்கலம் தெரிந்தது. தேய்மானம் அவ்வளவாக இல்லை. எண்ணெயைப் பிடித்துவைத்து ஷாஃப்டுக்குக் கொடுக்கும் ஃபெல்ட்டை மட்டும் மாற்றி, தையல் மெஷின் எண்ணெய் விட்டேன்.

காயில் கட்டும் கடையில், இன்சுலேஷன் எவ்வளவு தாங்குகிறது என்று அளக்கும் மெக்கர் வைத்துப் பார்த்தார்கள். வைண்டிங் போகவில்லை, ஈரம் குடித்திருந்தது. 100 வாட் குண்டு பல்பு சூட்டில் நன்றாக உலர்த்தி வார்னிஷ் அடித்ததும் ரீடிங் ஏறிவிட்டது. கண்டென்சர் புதிது, 2.5 மைக்ரோஃபாரட். நூல் சுற்றிய பழைய ஒயரைத் தூக்கிப்போட்டு, மூன்று பின் பிளக் மாட்டி, எர்த் ஒயரை இரும்பு உடம்பிலேயே திருகிவிட்டேன். உடம்பு முழுக்க இரும்பாக இருக்கும் ஃபேனில் இதை மட்டும் விடவே கூடாது.

காற்று பிரமாதம். அடிப்பாகத்தின் கனத்தில் முழு வேகத்திலும் மேஜையை விட்டு நகராது. தை மாதக் குளிரில் குறைந்த வேகத்தில் போட்டால் முனகும். முழு வேகத்தில் கிளப்பி, அப்புறம் குறைத்தால் சரி. கோடை முழுக்கச் சும்மா வைத்துவிட்டு மழைக்கு எடுத்தால் காயில் மறுபடி ஈரம் குடித்திருக்கும், அதனால் மாதம் ஒருமுறையாவது ஓடவிடுகிறேன். பிடிக்காதது முன்கூண்டுதான். கம்பிகளுக்கு நடுவே குழந்தை கை தாராளமாக நுழையும். கொசுவலைக் கம்பி கட்டியதில் காற்றும் கொஞ்சம் குறைந்தது, அழகும் போனது.

தலையாட்டும் கியரில் பல் தேய்ந்துவிட்டது. புதிதாக வெட்டித் தரச் சொல்லிக் குன்னூரில் ஒரு லேத்தில் கொடுத்திருக்கிறேன். துணி காய நேராக நின்றாலே போதும், அதனால் லேத்காரரை அவசரப்படுத்தவில்லை.