பெருவெம்பு தோல்வாத்தியப் பட்டறைகள்: மிருதங்கத்துக்கு நம்பிப் போகலாம், டிஜெம்பேக்குக் கயிறோடு போங்கள்

ஒரே மேடையில் மிருதங்கம், கஞ்சிரா, பறை, டிஜெம்பே (கிண்ண வடிவ ஆப்பிரிக்கக் கைப்பறை) என்று மாற்றி மாற்றி வாசிப்பவருக்குத் தோல் ஓயாத செலவு. பொள்ளாச்சி, கொழிஞ்சாம்பாறை, சித்தூர் பக்கத்துக்காரர்களுக்கு இதில் ஒரு வசதி: பாலக்காடு - கொல்லங்கோடு சாலையில் பெருவெம்பு இருக்கிறது. செண்டை, மத்தளம், மிருதங்கம் எல்லாம் இங்கே தலைமுறைத் தொழில். தமிழிலேயே பேசிக்கொள்ளலாம். ஆனால் எல்லா வாத்தியத்தையும் கண்ணை மூடிக்கொண்டு கொடுத்துவிட முடியாது.

மிருதங்கத்துக்கு முதல் மதிப்பெண். மூட்டு (வார் கோத்துப் பின்னிய விளிம்போடு கூடிய தோல் முகம்) மாற்றக் கொடுக்கும்போது சுருதியைச் சரியாகச் சொல்லுங்கள். கிடார்க்காரர் உங்களிடம் மேற்கத்திய ஸ்வரப் பெயரில் 'ஈ' என்பார். பட்டறையில் அது மூன்று கட்டை. சி ஒன்று, டி இரண்டு, எஃப் நான்கு, ஜி ஐந்து. டி ஷார்ப் இரண்டரை. மூன்றரை என்று ஒன்று கிடையாது. 24 அங்குல உடலை வைத்துக்கொண்டு ஐந்து கட்டை கேட்டால் எந்த வேலைக்காரரும் தலையில் கைவைப்பார். மேல்சுருதிக்கு 22 அங்குலம்தான்.

வாங்கும்போது அவசரப்படாதீர்கள். வலந்தலையில் (வலக்கை வாசிக்கும் முகத்தில்) வார் கோக்கும் 16 கண்களுக்கு நேராகவும் ஒவ்வொன்றாக மீட்டுப் பாருங்கள். ஓரிடத்தில் சுருதி இறங்கியிருந்தால், அந்த இடத்து மூட்டு விளிம்பில் புள்ளை (சிறு மரக்கட்டையை) வைத்துக் கல்லால் மேலிருந்து தட்டினால் ஏறும். ஏறியிருந்தால் கீழிருந்து தட்ட வேண்டும். அப்படியும் ஒரு பக்கம் அடங்கவில்லையென்றால் தோலின் கனமே சீராக இல்லை. மாற்றித் தரச் சொல்லுங்கள், அது உங்கள் உரிமை. புது மூட்டு முதல் சில நாள் இறங்கத்தான் செய்யும். தோலும் வாரும் இழுத்துக் கொடுக்கும். ஒருமுறை வார் பிடித்து (இறுக்கி) வாங்காமல் கச்சேரிக்கு எடுத்துப் போகாதீர்கள்.

டிஜெம்பேயில்தான் சிக்கல். செண்டைக்கு மாட்டுத்தோல் கட்டிப் பழகிய கை, இதற்கும் கனத்த தோலைத்தான் தேடும். கனத்த தோலில் அடித்தொனி குமுறும், ஓரத்தில் அடிக்கும் 'ஸ்லாப்' செத்துப்போகும். தபலாச் சொற்களை டிஜெம்பேயில் விரலால் வாசிக்கும் தவுஃபீக் குரேஷியின் பாணியில் போக நினைப்பவருக்கு அந்தத் தோலில் ஒரு சொல்கூடத் தெளியாது. மெல்லிய ஆட்டுத்தோல் என்று அழுத்திச் சொல்லுங்கள். முதுகெலும்புக் கோடு வாயின் நடுவே ஓட வேண்டும். 12 அங்குல வாய்க்குத் தோல் 18 அங்குலத்துக்குக் குறையக் கூடாது, வளையத்தில் மடித்து ஏற்ற அவ்வளவு வேண்டும். இரவு முழுக்கப் பச்சைத் தண்ணீரில் ஊறியதைக் கட்டி, நிழலில் நன்றாகக் காய்ந்த பிறகே கடைசி இழுப்பு. ஈரத்தோடு முறுக்கினால் அன்றைக்கு ஜோராகக் கேட்கும், அடுத்த வாரம் தொளதொளத்துவிடும். வெயிலில் வைத்து அவசரமாகக் காயவைத்தால் ஓரத்தில் வெடிக்கும்.

கயிறும் நீங்களே கொண்டுபோவது உத்தமம்: இழுத்தால் நீளாத 5 மில்லிமீட்டர் பாலியஸ்டர் கயிறு. பருத்திக் கயிறு போட்டால் நாளுக்கு நாள் இழுக்க வேண்டிவரும். பழைய மூன்று இரும்பு வளையங்களையும் துரு சுரண்டி எடுத்துப் போங்கள். துரு தோலைத் தின்றுவிடும். வாயின் விளிம்பு கூர்மையாக இருந்தால் தோல் கட்டுமுன் உப்புத்தாள் போட்டு உருட்டச் சொல்லுங்கள், இல்லையென்றால் கையும் போகும் தோலும் போகும்.

கஞ்சிராவுக்கு ஆட்டுத்தோலே கேளுங்கள். உடும்புத்தோல் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்; யாராவது ரகசியமாக நீட்டினாலும் தொடாதீர்கள். சக்தி என்ற இணைப்பிசைக் குழுவில் செல்வகணேஷின் கஞ்சிராவைக் கேட்டுவிட்டு அந்த ஆழத்தைத் தேடுபவர்கள், தோலை ஈரத்துணியால் உள்பக்கம் இலேசாகத் தொட்டுச் சுருதி இறக்கப் பழகிக்கொள்ளட்டும். பறைக்கு இவ்வளவு தூரம் வர வேண்டியதில்லை. புளியங்கொட்டைப் பசையில் கன்றுத்தோல் ஒட்டத் தெரிந்தவர் உங்கள் ஊர்ப்பக்கமே கிடைப்பார்.

குறை என்றால் காலக்கெடு. தோல் வேலைக்கு ஏற்றது பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வறண்டு வீசும் மார்கழி, தை, மாசி. ஆனால் அப்போதுதான் 'வேலா', 'பூரம்' என்னும் கோயில் திருவிழாக்கள் தொடங்கிச் செண்டை, மத்தள வேலை குவியும். மலையாள மீனம் (பங்குனி) 20-ல் நெம்மாறை வல்லங்கி வேலா முடியும்வரை உங்கள் டிஜெம்பே மூலையில்தான் கிடக்கும். ஆனி, ஆடி மழையில் கட்டினால் சீக்கிரம் கிடைக்கும், ஆனால் தோல் காயாது. கார்த்திகைக் கடைசியில் கொடுத்து, தேதியைத் தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பாதிப் பணம் வேலை முடியும்வரை உங்கள் கையிலேயே இருக்கட்டும். இங்கே வறண்ட காற்றில் சுருதி சேர்த்த மூட்டு கொச்சியிலோ சென்னையிலோ இறங்கும், எனவே கடலோரக் கச்சேரி என்றால் அதையும் முன்பே சொல்லிவிடுங்கள்.