வரிசையில் நிற்பது ஆளா, காரா?

பெங்களூரு அல்சூர் டீக்கடையில் பையன்கள் ஃபெராரியா லம்போர்கினியா என்று குதிரைசக்தியை வைத்துச் சண்டை போடுவார்கள். எனக்கு அதில் ருசியில்லை. யார் எத்தனை வண்டி செய்கிறார்கள், எத்தனையைச் செய்யாமல் விடுகிறார்கள் என்பதுதான் விஷயமே.

ஃபெராரி 2012-ல் 7,318 கார் விற்றது. கேட்க ஆள் இருந்தும், மறுவருஷம் அப்போதைய தலைவர் மோன்டெசெமோலோ வேண்டுமென்றே குறைக்கச் சொன்னார், 6,922-ல் நின்றது. லாபம் கூடியது! அடுத்த தலைவராக மார்கியோன்னே வந்தபின் கை தளர்ந்தது. 2024-ல் 13,752. ஆனாலும் புரோசாங்குவே என்ற நாலு கதவு மாடல் வந்தபோது, மொத்தத்தில் 20 சதவீதத்தைத் தாண்டாது என்று முன்பே வேலி போட்டுவிட்டார்கள்.

லம்போர்கினி அந்த வேலியே வேண்டாம் என்றது. 2017-ல் 3,815 வண்டிதான். ஊருஸ் என்ற எஸ்யூவிக்காகத் தொழிற்சாலைப் பரப்பை இரண்டு மடங்காக்கி, 2019-ல் 8,205-க்குப் போனது. ஆடி க்யூ8, போர்ஷே கயென் வண்டிகளோடு பிளாட்ஃபார்மை, அதாவது அடிப்படைக் கட்டமைப்பை, பகிர்ந்துகொள்ளும் வண்டி அது. அதனால் எண்ணிக்கையை ஏற்றுவது சுலபம். 2024-ல் விற்ற 10,687-ல் பாதிக்கு மேல் ஊருஸ். அது சம்பளம் கொடுக்கிறது, ரெவுவெல்டோ என்ற சூப்பர்காருக்கு வரிசை நிற்கிறது. கௌரவம் குறைவு என்பார்கள், ஆனால் என் ஓட்டு இதற்குத்தான்.

ஆஸ்டன் மார்ட்டின் வேறு ரகம். 2018-ல் பங்குச்சந்தைக்கு வந்த வருஷம் 6,441 வண்டி என்றது. கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அது டீலருக்கு அனுப்பிய கணக்கு, வாங்கியவர் வீட்டுக்குப் போன கணக்கில்லை. ஷோரூமில் வண்டி தேங்கினால் டீலருக்கு வட்டி ஏறும்; தள்ளுபடி தொடங்கும்; போன மாதம் முழு விலை கொடுத்தவரின் வண்டிக்கும் மதிப்பு இறங்கும். 2020-ல் கனடா கோடீஸ்வரர் லாரன்ஸ் ஸ்ட்ரோல் பணம் போட்டு உள்ளே வந்ததும் தேக்கத்தைக் கரைக்க வேண்டியதாயிற்று. கொரோனாவும் சேர்ந்துகொள்ள, அந்த வருஷம் அனுப்பியது வெறும் 3,394. சரி, நிமிர்ந்துவிட்டது என்று பார்த்தால், 2024-ல் உதிரிபாகம் நேரத்துக்கு வராமல், சீனாவிலும் விற்பனை மந்தமாகி, திட்டத்தில் சுமார் 1,000 வண்டியை வெட்டியது.

பெங்களூருவில் வாங்குபவருக்கு இது வெறும் வம்பில்லை. மூன்றுமே முழு வண்டியாக இறக்குமதியாகின்றன. சுங்கவரி, அதற்குமேல் கர்நாடகத்தின் ஆயுள் வரி. கட்டிய வரி பெரும்பாலும் திரும்ப வராது, மறுவிற்பனை விலை ஒன்றுதான் கையில் மிஞ்சும். தள்ளுபடி தருகிறேன் என்று ஷோரூம்காரர் தானே ஃபோன் செய்தால், அந்த வண்டி எத்தனை மாதமாக நிற்கிறது என்று முதலில் கேளுங்கள்.